ஈவு, மீதி, பகுதி, தொகுதி: தொடக்கப் பள்ளிக் கணக்கின் சொற்கள்

"கயலிடம் 8 நெல்லிக்காய்கள் இருக்கின்றன. இது முகிலனிடம் இருப்பதைவிட 3 அதிகம். முகிலனிடம் எத்தனை நெல்லிக்காய்கள்?"

இந்தக் கணக்கை ஒரு மூன்றாம் வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். பல பிள்ளைகள் 11 என்று எழுதுவார்கள். எட்டில் மூன்று போனால் ஐந்து என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 'அதிகம்' என்ற சொல்லைக் கண்டதும் கை தானாகக் கூட்டலுக்குப் போய்விடுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் தடுமாற்றம் என்றும் இதை ஒதுக்க முடியாது. 1987-இல் ஆன் லூயிஸ், ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இந்த மாதிரிக் கணக்குகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சொல் ஒரு பக்கமும் செய்ய வேண்டிய வேலை மறுபக்கமும் இழுக்கும் கணக்குகளில்தான் அவர்களும் அதிகம் தவறினார்கள்.

ஒரு பிள்ளைக்குக் 'கணக்கு வராது' என்று முடிவு கட்டும் முன், கணக்கில் உள்ள சொல் அதற்குப் புரிந்ததா என்று பார்க்க வேண்டும். நம் வகுப்பறைகளில் இது அரிதாகத்தான் நடக்கிறது. சொல்லுக்கு ஒரு வரையறை எழுதிப் போட்டு, மனப்பாடம் செய்யச் சொல்லி, அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். இத்தனைக்கும் தமிழில் தொடக்கக் கணக்கின் சொற்கள் பெரும்பாலும் வீட்டில் புழங்கும் வினைகளிலிருந்து வந்தவை. கொஞ்சம் பிரித்துக் காட்டினால் பொருள் வெளியே தெரியும். கையில் இருக்கும் இந்த வசதியை நாம் பயன்படுத்தாமல் விடுவது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

எண்ணுப்பெயர்களிலிருந்தே பார்க்கலாம். பதினைந்து என்ற சொல்லுக்குள் பத்தும் ஐந்தும் இருக்கின்றன. இருபத்து மூன்றுக்குள் இரண்டு பத்தும் மூன்றும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்ற சொற்களைக் கேட்டுப் பத்தும் ஒன்றும், பத்தும் இரண்டும் என்று ஒரு பிள்ளை ஊகிக்க வழியில்லை. இந்தியிலோ தொண்ணூற்று ஒன்பது வரை ஏறக்குறைய ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகப் பழக வேண்டும். இருபத்தொன்பதை முப்பதுக்கு ஒன்று குறைவு என்ற பொருளில் சொல்வார்கள். தமிழில் சிக்கலான இடம் ஒன்றுதான்: ஒன்பது. எண்பதுக்கு அப்புறம் 'ஒன்பது' என்ற ஒலியை எதிர்பார்க்கும் பிள்ளைக்குத் தொண்ணூறு கிடைக்கிறது. எண்ணூறுக்கு அப்புறம் தொள்ளாயிரம். தொண்ணூறில் 'நூறு' என்ற ஒலியும் தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' என்ற ஒலியும் கேட்பதால், ஒரு படி மேலே போய்விட்டதுபோல் குழம்புகிறது. இது புதுச் சிக்கலும் கிடையாது. ஒன்பதோடு பத்து சேர்ந்தால் தொண்ணூறு, நூறு சேர்ந்தால் தொள்ளாயிரம் என்று தொல்காப்பியமே தனி விதி சொல்லியிருக்கிறது. இந்த இரண்டு சொற்களுக்கு மட்டும் வகுப்பில் கூடுதல் நேரம் கொடுத்தால் மற்றவை தாமே ஓடிவிடும்.

எண்ணைச் சொல்வது எளிது. எழுதுவதுதான் கடினம். 'முந்நூற்று ஐம்பத்திரண்டு' என்று சொல்லி எழுதச் சொன்னால், சில பிள்ளைகள் 300502 என்று எழுதுவார்கள். அதற்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போடுவதற்கு முன், அந்தப் பிள்ளை என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். காதில் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறது: முந்நூறு, ஐம்பது, இரண்டு. பழைய தமிழ் எண் குறியீடும் இந்த வழியில்தான் நடந்தது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் இருந்தன. 352 என்பதை ௩௱௫௰௨ என்று எழுதினார்கள். மூன்று நூறு, ஐந்து பத்து, இரண்டு. பேச்சும் எழுத்தும் ஒரே வரிசையில் போன முறை அது. இன்று நாம் எழுதும் முறையில் 'நூறு', 'பத்து' என்ற சொற்கள் எழுத்தில் மறைந்து, இலக்கம் நிற்கும் இடமே அவற்றின் வேலையைச் செய்கிறது. இதைத்தான் 'இடமதிப்பு' என்கிறோம். 352-இல் 5-இன் முகமதிப்பு 5. அது எந்த இடத்தில் நின்றாலும் முகம் மாறாது. இடமதிப்பு 50, அது நிற்கும் இடத்தால் வந்தது. முகம், இடம் என்ற இரண்டு சொற்களையும் பிள்ளை ஏற்கனவே அறிந்திருக்கிறது. அந்த அறிவோடு சேர்த்துச் சொன்னால் வரையறையே தேவைப்படாது.

அடுத்து நான்கு செயல்கள். கூட்டு, கழி, பெருக்கு, வகு. இவற்றில் இரண்டுக்கு வீட்டில் வேறு வேலையும் உண்டு. சில ஊர்களில் வாசலைப் 'பெருக்கு' என்பார்கள், சில ஊர்களில் 'கூட்டு' என்பார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டுமே துடைப்பத்தோடு சேர்ந்த சொற்கள். ஆசிரியர் முதல் நாளே அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, "இங்கே கூட்டு என்றால் ஒன்றாகச் சேர், பெருக்கு என்றால் பெருகச் செய்" என்று தொடங்கிவிடலாம். பெருக்கலில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பெருக்கினால் பெருகும் என்ற எண்ணம் முழு எண்களில் நன்றாக வேலை செய்யும். மேல் வகுப்பில் 8-ஐ அரையால் பெருக்கும்போது விடை 4 என்று சுருங்கிவிடும், சொல் பிள்ளையை ஏமாற்றிவிடும். அந்த நாளுக்காக, பெருக்கல் என்பதை 'இத்தனை மடங்கு' என்றும் சேர்த்தே பழக்குவது நல்லது. எட்டின் மூன்று மடங்கு, எட்டின் அரை மடங்கு என்று இரண்டு பக்கமும் நீளும் சொல் அது.

கழித்தலில் 'கடன் வாங்குவது' எல்லாருக்கும் தெரியும். 42-இல் 17-ஐக் கழிக்கும்போது இரண்டில் ஏழு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்பார்கள். இந்தக் கடனை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. தவிர, பக்கத்தில் ஒன்று வாங்கினால் இங்கே ஏன் பத்து கூடுகிறது என்ற நியாயமான கேள்விக்கும் அந்தச் சொல்லில் பதில் இல்லை. பாடநூல்களில் இதற்கு 'இனமாற்றம்' என்ற சொல் இருக்கிறது. அது உண்மையில் நடப்பதையே சொல்கிறது: ஒரு பத்து, பத்து ஒன்றுகளாக இனம் மாறுகிறது. ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்து ஒரு ரூபாய்க் காசுகளாகச் சில்லறை மாற்றி மேசையில் பரப்பினால், இனமாற்றம் என்ற சொல் அன்றோடு மனதில் நின்றுவிடும். ஆனால் பாடநூலில் தலைப்பாக இருக்கும் இந்தச் சொல் வகுப்பில் வாயில் வருவதில்லை. கடன்தான் வருகிறது.

கூட்டலில் 8-உம் 5-உம் சேர்ந்தால் '3 போட்டு மீதி ஒண்ணு' என்பது பலரின் பழக்கம். அதே பிள்ளை கழித்தலில் 'மீதி எவ்வளவு' என்று கேட்கிறது, வகுத்தலில் 'ஈவு, மீதி' என்று எழுதுகிறது. மூன்று இடங்களில் மூன்று வேலை செய்யும் ஒரே சொல். பெரியவர்களுக்கு இது கண்ணில் படாது. கூட்டலில் மேலே கொண்டுபோகும் ஒன்றை 'ஒரு பத்து' என்றே சொல்லிவிட்டால், மீதி என்ற சொல் தன் சரியான இடத்துக்கு மிச்சப்படும்.

வகுத்தலுக்குப் போவோம். எனக்கு மிகவும் பிடித்த சொல் இங்கேதான் இருக்கிறது: ஈவு. ஈதல் என்றால் கொடுத்தல். 14 மிட்டாயை 4 பேருக்குச் சமமாகக் கொடுத்தால் ஆளுக்கு 3 கிடைக்கும், 2 மிஞ்சும். ஆளுக்குக் கொடுத்தது ஈவு, மிஞ்சியது மீதி. பிரிக்கப்படும் 14 வகுபடும் எண். பிரிக்கும் 4 வகுத்தி. 'வகுபடும் எண் = வகுத்தி × ஈவு + மீதி' என்று பாடநூலில் பெட்டி போட்டு வரும் வரியை, கொடுத்ததையும் மிஞ்சியதையும் திரும்பச் சேர்த்தால் பழையபடி 14 வந்துவிடும் என்று ஒரு பிள்ளை தன் சொற்களில் சொல்ல முடியும். ஈவு என்பதன் பொருள் தெரியாமல் அதை ஒரு சூத்திரமாக ஒப்பிக்கும் பிள்ளைக்கு, மீதி வகுத்தியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு மனப்பாட விதியாகிவிடும். கொடுப்பதாக நினைத்தால் அது கண்கூடு: 4 பேர் இருக்கும்போது 5 மிட்டாய் மிஞ்சியிருந்தால் இன்னொரு சுற்று கொடுத்திருக்கலாமே.

வகுத்தலுக்கு இரண்டு முகம் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 12 பூவை 4 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு எத்தனை என்பது ஒன்று. 12 பூவை நாலு நாலாகக் கட்டினால் எத்தனை கட்டு என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை 3. ஆனால் முதலாவதில் அது பூ, இரண்டாவதில் கட்டு. ஈவு என்ற சொல் பங்கிடுதலோடு நன்றாகப் பொருந்துகிறது, கட்டுப்போடும் கணக்குக்கு அவ்வளவாகப் பொருந்தாது. விடையை எழுதியபின் "3 என்ன?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், எந்த முகம் என்று பிள்ளைக்குத் தெளிவாகிவிடும்.

வேற்றுமை உருபுகளையும் விட்டுவிடக் கூடாது. தமிழில் கணக்கைச் சுமப்பவை பெரும்பாலும் இந்தச் சின்ன ஒட்டுகளே. '12-ஐ 4-ஆல் வகு', '12-ஆல் 4-ஐ வகு' இரண்டும் வேறு கணக்குகள். வரிசை மாறி '4-ஆல் 12-ஐ வகு' என்று வந்தாலும் பொருள் மாறாது, ஏனென்றால் ஐ-யும் ஆல்-உம் தத்தம் எண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'இலிருந்து'ம் இப்படித்தான். எண்களை மட்டும் கண்ணால் பொறுக்கி, பெரியது மேலே சிறியது கீழே என்று எழுதிப் பழகிய பிள்ளை இந்த உருபுகளைப் படிப்பதே இல்லை. மொழிப்பாடத்தில் வேற்றுமை நடத்தும்போது இந்த வாக்கியங்களை எடுத்துக்காட்டாக வைத்தால் இரண்டு பாடமும் ஒருசேர நடக்கும்.

பின்னம் என்று வந்துவிட்டால் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. பள்ளிக்கு வரும் முன்பே பிள்ளைக்குக் கால், அரை, முக்கால் தெரியும். கால் கிலோ தக்காளி, அரை லிட்டர் பால், ஒண்ணரை மணி நேரம் எல்லாம் அன்றாடப் பேச்சு. 'ஒன்றேகால்', 'இரண்டே முக்கால்' என்று சொல்லும்போதே அது கலப்பு பின்னத்தைப் பேசிவிடுகிறது. பள்ளியில் அதையே ஒரு முழு எண், பக்கத்தில் ஒரு கோடு, மேலும் கீழும் எண்கள் என்று எழுதிக் காட்டும்போது, இது தனக்குத் தெரிந்த இரண்டே முக்கால்தான் என்று யாராவது சொல்ல வேண்டும். பல நேரம் யாரும் சொல்வதில்லை.

இந்தச் சொற்கள் ஒரு பெரிய குடும்பத்தின் மிச்சம். அரைக்கால் 1/8, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி. 1/20-உம் 1/80-உம் கூட்டினால் 5/80, அதாவது 1/16, அதுதான் மாகாணியின் மதிப்பு. பெயரே கூட்டல் கணக்காக இருக்கிறது! திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி படித்த பிள்ளைகள் இவற்றையெல்லாம் வாய்ப்பாடாகச் சொன்னார்கள். காவிரிப் படுகையில் நிலத்தை மாக் கணக்கில் சொல்லும் வழக்கம் இன்னும் உண்டு. 20 மா சேர்ந்தது ஒரு வேலி. முந்திரியை இன்றைய பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஐந்தாம் வகுப்பில் வேற்றுப் பின்னங்களைக் கூட்டப் பழகும்போது, மாகாணியைவிட அழகான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லாத பிள்ளையைப் பார்ப்பது அரிது. காரணம் தெளிவு. 'பகுதி' என்றால் பேச்சில் ஒரு துண்டு. நான்கு கட்டத்தில் மூன்றுக்கு வண்ணம் தீட்டிவிட்டுப் "பகுதி எது?" என்று கேட்டால், வண்ணம் தீட்டிய பகுதியைக் காட்டி மூன்று என்பது இயல்பு. 'தொகுதி' என்றதும் சட்டமன்றத் தொகுதிதான் நினைவுக்கு வரும். வினையிலிருந்து தொடங்கினால் இந்தச் சிக்கல் அவிழும். பகு என்றால் பிரி. எத்தனையாகப் பகுத்தோமோ அது பகுதி. தொகு என்றால் திரட்டு. பகுத்தவற்றிலிருந்து எத்தனையைத் தொகுத்து எடுத்தோமோ அது தொகுதி. முதலில் பகு, பிறகு தொகு. 1/4-ஐவிட 1/8 சிறியது என்பதும் இங்கிருந்தே புரியும்: எட்டாகப் பகுத்தால் துண்டு சிறுத்துத்தானே போகும்.

பேச்சுத் தமிழும் இந்த வரிசையில்தான் போகிறது. 'மூன்றில் இரண்டு' என்கிறோம். மூன்றாகப் பகுத்தது முதலில், எடுத்துக்கொண்ட இரண்டு பிறகு. கொரிய மொழியிலும் பகுதியை முதலில் சொல்வார்கள். அப்படிச் சொல்லும் மொழி பின்னத்தைப் புரிந்துகொள்ளப் பிள்ளைகளுக்கு உதவுகிறது என்று ஐரீன் மியூரா குழுவினரின் 1999-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. நம் கையிலும் அதே வசதி இருக்க, வகுப்பில் கேட்பது என்னவோ 'ரெண்டு பை மூணு'. எழுதும்போது மேலிருந்து கீழே போகும் கைக்கு அது வசதி, சரி. ஆனால் 'பை' என்ற ஒலி பிள்ளைக்கு எதையும் சொல்வதில்லை. குறைந்தது முதல் இரண்டு ஆண்டுகளாவது 'மூன்றில் இரண்டு பங்கு' என்றே வாசித்தால் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பகு என்ற வினை இன்னொரு இடத்திலும் வருகிறது. பகா எண் என்றால் பகுக்க முடியாத எண்; 7 புளியங்கொட்டைகளைச் சம வரிசைகளாக அடுக்கப் பார்த்தால் ஒரே நீள வரிசைதான் வரும். 12 பகு எண். 3 வரிசை, 4 வரிசை என்று பல விதமாக அடுக்கலாம். இந்த வரிசைகளின் எண்ணிக்கைகளே காரணிகள். ஒற்றை எண், இரட்டை எண்ணுக்குப் பாடமே வேண்டாம், 'ஒத்தையா ரெட்டையா' விளையாடிய கை அதை அறியும். மீச்சிறு பொது மடங்கு என்ற நீளப் பெயர் பிள்ளைகளை மிரட்டும். அதைப் பின்னாலிருந்து வாசித்தால் செய்முறை கிடைத்துவிடும்: மடங்குகளை எழுது, பொதுவானவற்றைப் பிடி, அவற்றில் மிகச் சிறியதை எடு.

வடிவங்களில் தமிழ்ப் பெயர்கள் தெளிவானவை என்பதால் அதிகம் சொல்லத் தேவையில்லை. ஓரிடத்தில் மட்டும் கவனம் வேண்டும்: சுற்றளவும் பரப்பளவும். இரண்டும் 'அளவு' என்றே முடிவதால் தேர்வில் மாறிப்போகும். வயலைச் சுற்றி வேலி போடக் கம்பி எவ்வளவு என்பது சுற்றளவு, வயலில் எவ்வளவு இடத்தில் நாற்று நடலாம் என்பது பரப்பளவு. அலகும் அதைக் காட்டிக்கொடுக்கும். ஒன்றுக்கு மீட்டர், மற்றதற்குச் சதுர மீட்டர்.

'சமம்' என்ற சொல்லை நாம் சரியாக நடத்தவில்லை. 8 + 4 = □ + 5 என்ற கட்டத்தில் என்ன வரும்? அமெரிக்காவில் ஃபால்க்னர், லெவி, கார்பென்டர் ஆகியோர் 1999-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஆறாம் வகுப்பு மாணவர்கள் 145 பேரிடம் இதைக் கேட்டபோது எல்லாருமே 12 அல்லது 17 என்றார்கள். சரியான விடை 7. சமக்குறி என்றால் 'இதோ விடை வருகிறது' என்று அவர்கள் பழகியிருந்தார்கள். நம் வகுப்புகளிலும் 'எட்டும் நாலும் பன்னிரண்டு' என்று சமத்தை விழுங்கித்தான் வாசிக்கிறோம். "இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமம்" என்று வாய்விட்டு வாசிப்பதும், 12 = 8 + 4 என்று திருப்பி எழுதிக் காட்டுவதும் சின்ன வேலைகள். பின்னாளில் இயற்கணிதத்தின் வாசலில் அவைதான் துணைக்கு வரும்.

சில வகுப்பறைச் சுவர்களில் ஒரு பட்டியல் தொங்கும்: 'மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, ஒவ்வொருவருக்கும் என்றால் வகு.' நல்ல எண்ணத்தில் எழுதியது. ஆனால் இது பிள்ளையை வாக்கியத்தைப் படிக்காமல் சொல்லை மட்டும் தேடப் பழக்குகிறது. "மொத்தம் 20 பேரில் 12 பேர் பெண்கள், ஆண்கள் எத்தனை?" என்று கேட்டால் பட்டியல் 32 என்று சொல்ல வைக்கும். 'ஒவ்வொருவருக்கும் 5 பென்சில், 6 பேருக்கு எத்தனை?' என்பது பெருக்கல். பட்டியலுக்குப் பதிலாக, எண்களை மறைத்துவிட்டு வாழ்க்கைக் கணக்கின் கதையை மட்டும் பிள்ளையைச் சொல்லச் சொல்லலாம். யாரிடம் கூட இருக்கிறது, யாரிடம் குறைவு என்று அது சொல்லிவிட்டால் எந்தச் செயல் என்பது பிறகு எளிது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறது. அப்படி நிலை அறியும்போது, பிள்ளை தடுமாறுவது எண்ணிலா சொல்லிலா என்பதையும் தனியாகப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அரசுப் பள்ளிகளில் 2012–13 முதல் ஆங்கில வழி வகுப்புகளும் வந்துவிட்டன. பிள்ளை 'கோஷன்ட், ரிமைண்டர்' என்று படிக்கிறது, அம்மாவோ ஈவு, மீதி படித்தவர். இரவு வீட்டுப்பாடத்தில் இருவருக்கும் வழி தெரியும், சொல்தான் வேறு. இதற்காக அம்மா ஒதுங்கிக்கொள்ளத் தேவையில்லை. "ஆளுக்கு எவ்வளவு கிடைச்சது, எவ்வளவு மிஞ்சுச்சு" என்று கேட்டால் எந்த வழியில் படித்த பிள்ளைக்கும் புரியும். அப்புறம் கோஷன்ட் என்ற பெயரை அதன் மேல் ஒட்டிக்கொள்ளலாம்.

தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இப்போது வேறொரு குழப்பம் வருகிறது. இணையத்தில் பாடம் தேடினால் இலங்கைப் பாடங்களும் மலேசியத் தமிழ்ப்பள்ளிப் பாடங்களும் கிடைக்கின்றன. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 2003 முதல் சில ஆண்டுகள் கணிதம் ஆங்கிலத்துக்கு மாறி, பிறகு தமிழுக்குத் திரும்பியது. அங்கே சதவீதத்தை விழுக்காடு என்பார்கள். இலங்கையில் முக்கோணம் முக்கோணி, நாற்கரம் நாற்பக்கல், ஆரம் ஆரை, குறுங்கோணம் கூர்ங்கோணம், பகா எண் முதன்மை எண், கனசதுரம் சதுரமுகி. மீச்சிறு பொது மடங்கை அங்கே 'பொது மடங்குகளுட் சிறியது' என்கிறார்கள்; செய்முறையின் வரிசையிலேயே அமைந்த அந்தப் பெயர் எனக்கு நம்முடையதைவிடப் பிடித்திருக்கிறது. இரண்டு பெயரையும் பிள்ளையின் நோட்டில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக எழுதி வைத்துவிட்டால், யாழ்ப்பாணத்து ஆசிரியர் நடத்தும் பாடத்தையும் திருநெல்வேலிப் பிள்ளை தடங்கலின்றிக் கேட்கலாம்.